ஆயிரத்தொரு சோதனைகள் செய்த வேதியியல் அறிஞர்

கடையில் ஒரு முகப்பூச்சுப் புட்டியைக் கையில் எடுக்கும் பெண்ணுக்கு அதைப்பற்றி என்னென்ன தெரியும்? அதன் விலை தெரியும். மூடியைத் திறந்தால் மணம் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் படத்தில் சிரிக்கும் அழகியின் முகமும் தெரியும். உள்ளே இருப்பது என்ன என்பது மட்டும் தெரியாது. இன்றாவது புட்டியின் முதுகுப்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், ஏதோ எழுதியிருக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதுவும் இல்லை. 1869-ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவர் லூயிஸ் சேயர் என்பவர் மூன்று இளம்பெண்களைப்பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மூவருக்கும் கைகள் மணிக்கட்டோடு தொங்கிவிட்டன. காரணம் நோயன்று; முகத்தை வெளுப்பாக்குவதற்காக அவர்கள் நாள்தோறும் தடவிக்கொண்ட அழகுநீரில் கலந்திருந்த காரீயம்!

இந்த இருட்டில் ஒரு விளக்கை ஏற்ற முயன்றவர் டாக்டர் ஹார்வி வாஷிங்டன் வைலி. உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் போராடிய மாவீரர் என்றே உலகம் அவரை அறியும். அழகுப் பொருள்களின் வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. அது வெற்றியும் தோல்வியும் கலந்த இடம். வேதியியல் பயிலும் என் போன்றோர்க்கு அவருடைய வெற்றியைக் காட்டிலும் அந்தத் தோல்வியே மிகுதியாக எண்ணத் தூண்டுகிறது.

வைலி 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கென்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில், மரக்கட்டைகளால் கட்டிய வீட்டில் பிறந்தார். தந்தை உழவர், ஓய்வு நேரத்தில் சமயச் சொற்பொழிவும் ஆற்றுவார். அடிமைமுறையை வெறுத்தவர், தெற்கிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பு மக்களுக்கு மறைவிடம் தந்து வடக்கே அனுப்பிவைத்தவர். சட்டம் ஒருபக்கமும் அறம் ஒருபக்கமும் நின்றால் எந்தப் பக்கம் சேர்வது என்பதை மகன் வீட்டிலேயே கற்றிருக்க வேண்டும். 1864-இல் உள்நாட்டுப் போரில் சில மாதங்கள் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர் ஹனோவர் கல்லூரியில் பட்டம். இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் ஆசிரியப் பணி. 1871-இல் மருத்துவப் பட்டம். 1873-இல் ஹார்வர்டில் அறிவியல் பட்டம். மருத்துவராகத் தொழில் நடத்த அவர் விரும்பவில்லை. சோதனைக் குழாய்தான் அவரை இழுத்தது.

1874-இல் புதிதாகத் தோன்றிய பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். மாநில வேதியியலார் என்ற பொறுப்பும் சேர்ந்தது. இங்கே ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிக்கல் பூச்சுப் பூசிய பெரிய சக்கர மிதிவண்டி ஒன்றை வாங்கி, முழங்காலளவு காற்சட்டை அணிந்து, பேராசிரியர் நாள்தோறும் கல்லூரிக்கு அதில் வந்தார். மாணவர்களோடு சேர்ந்து பந்தும் ஆடினார். ஆட்சிக் குழுவினர் கொதித்துப் போனார்கள்! அழைத்து விசாரித்தார்கள். வைலி பதவி விலகல் கடிதத்தை நீட்டினார்; நல்ல வேளையாக அவர்கள் அதை ஏற்கவில்லை. பேராசிரியர்களுள் மிதிவண்டி பிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால் ஆறுதல் கொள்வார்களாக.

1878-இல் அவர் ஜெர்மனி சென்றார். பெர்லினில் ஹோப்மன் என்ற புகழ்பெற்ற வேதியியல் அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டார். ஒளியைக் கொண்டு சர்க்கரைக் கரைசலை அளந்தறியும் போலாரிமானியைப் பயன்படுத்தக் கற்றதும் அங்கேதான். ஊர் திரும்பியதும் அந்தக் கருவியைச் சந்தையில் விற்ற பாகுகளின்மீது திருப்பினார். கரும்புப் பாகு, மேப்பிள் மரப்பாகு என்று விற்றவற்றுள் பல, மலிவான குளுக்கோஸ் கலந்தவை என்பது வெளிப்பட்டது. விற்பவன் சொல்வதை ஒரு கருவி பொய்யாக்க முடியும் என்ற உண்மை அன்று அவருக்குப் பிடிபட்டது. அவரும் மனிதர்தான், 1881-இல் செயற்கைத் தேனடைபற்றி விளையாட்டாக எழுதிய ஒரு செய்தி மெய்யென்று நாடெங்கும் பரவ, தேனீ வளர்ப்போர் அதை வைலியின் பொய் என்றே பெயரிட்டுப் பல ஆண்டுகள் அவரைத் தூற்றினார்கள். அந்தத் தூற்றலில் நியாயம் இருந்தது.

1883-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலார் ஆனார். அடுத்த இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். 1887 முதல் பால், வெண்ணெய், மசாலை, மதுபானம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அறிக்கைகள் வெளியிட்டார். அறிக்கைகள் அடுக்கில் தூங்கின. சட்டம் கேட்டுப் பாராளுமன்றத்திற்கு வந்த மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன.

அப்போதுதான் அவர் அந்தப் புகழ்பெற்ற சோதனையைத் தொடங்கினார். 1902-இல் அரசு 5,000 டாலர் ஒதுக்கியது. அலுவலகத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறையும் உணவுக் கூடமும் அமைந்தன. நல்ல உடல்நலம் உள்ள 12 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. ஆனால் அந்தச் சாப்பாட்டில், அன்று உணவைக் கெடாமல் வைக்க வணிகர்கள் கலந்துவந்த பொருள்களுள் ஒன்று அளந்து கலக்கப்பட்டிருக்கும். முதலில் வெண்காரம். அதன்பின் சாலிசிலிக் அமிலம், கந்தக அமில வகை, பென்சாயிக் அமிலம், பார்மால்டிஹைடு என்று வரிசை நீண்டது. எடை, வெப்பநிலை, கழிவுகள் எல்லாம் நாள்தோறும் அளக்கப்பட்டன. வெண்காரத்தை முதலில் வெண்ணெயில் மறைத்தார்கள். பிள்ளைகள் எப்படியோ மோப்பம் பிடித்து வெண்ணெயைத் தொடாமல் எழுந்தார்கள். வேறு உணவில் மறைத்தார்கள், அதுவும் ஒதுக்கப்பட்டது. கடைசியில் ஒளிவுமறைவின்றி மாத்திரைக் கூட்டில் அடைத்தே கொடுக்கவேண்டியதாயிற்று! செய்தித்தாள்கள் இவர்களுக்கு நஞ்சுப் படை என்று பெயர் சூட்டின. தலைவலி, வயிற்றுக் கோளாறு, எடைக்குறைவு ஆகியவை காணப்பட்டன.

இன்றைய கண்கொண்டு பார்த்தால் அச்சோதனையில் குறைகள் உண்டு. 12 பேர் போதா. நஞ்சு உண்ணாத இன்னொரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவும் இல்லை. ஆயினும் அறிக்கைகள் செய்யாததை அந்த உணவு மேசை செய்தது. நாடு பேசத் தொடங்கியது. பெண்கள் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் மடல்கள் எழுதின. 1906-இல் அப்டன் சிங்கிளேரின் நாவல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அழுக்கை வெளிச்சமிட்டது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மக்கள் அதை வைலி சட்டம் என்றே வழங்கினார்கள்.

உணவு, மருந்து, சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். முகத்தில் பூசுவது எங்கே? முன்னர் வந்த வரைவு ஒன்றில் அழகுப் பொருள்களும் இடம்பெற்றிருந்தன. பேரம் பேசிப் பேசி மசோதாவைக் கரைசேர்க்கும் முயற்சியில் 1900-ஆம் ஆண்டளவிலேயே அவை விடப்பட்டன. படகு கவிழாதிருக்க ஒரு மூட்டையைத் தூக்கிக் கடலில் போடுவார்களே, அதுபோல! விளைவு விந்தையானது. ஒரு களிம்பு நோயைத் தீர்க்கும் என்று விற்றால் அது மருந்து. சட்டம் கேள்வி கேட்கும். அதே களிம்பு முகத்தை நிலவாக்கும் என்று மட்டும் சொல்லி விற்றால் சட்டத்துக்கு அதனிடம் வேலையில்லை. உள்ளே பாதரசம் இருந்தாலும்தான்.

பாதரசம் என்றதும் சிலர் ஐயுறலாம். நஞ்சை ஏன் மக்கள் விரும்பி வாங்கினார்கள் என்று. சிக்கலே அங்குதான் இருக்கிறது. அது வேலை செய்தது! தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதற்கு ஒரு நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது. மச்சமும் புள்ளியும் மங்குகின்றன. வாங்கியவள் கண்ணாடியில் பார்த்து மகிழ்கிறாள். தோலின் வழியே உள்ளே சென்ற பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்குவது கண்ணாடியில் தெரிவதில்லை. காரீயமும் அப்படியே. நாங்கள் உப்புப் பகுப்பாய்வில் காரீய அசிடேட் தாளைச் சோதனைக் குழாயின் வாயில் பிடித்து, அது கறுத்தால் சல்பைடு என்று எழுதுகிறோம். அதே வினைதான் அன்றைய தலைச்சாயத்தில் நிகழ்ந்தது. முடியில் இயற்கையாக உள்ள கந்தகத்தோடு காரீயம் சேர்ந்து கறுத்தது, நரை மறைந்தது. அந்தத் தாளைத் தொட்டபின் கையைக் கழுவும்படி எங்கள் ஆசிரியர் வலியுறுத்துவார். அவர்களோ அதைத் தலையில் தேய்த்துக்கொண்டார்கள். சிவந்த மேனி பெற ஆர்செனிக் வில்லைகளை விழுங்கினவர்களும் உண்டு.

சட்டம் வந்தபின் வைலிக்கு நிம்மதி கிட்டவில்லை. 1908 சனவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டம் ஒன்றில், உணவில் சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் இடுவது வாங்குவோரை ஏமாற்றுவது, உடலுக்கும் கேடு என்று அவர் சொல்லிவிட்டார். மருத்துவர் அறிவுரைப்படி ரூஸ்வெல்ட்டே நாள்தோறும் சாக்கரின் உண்டுவந்தார் என்பது அவர் அறியாதது! குடியரசுத் தலைவருக்குச் சினம் மூண்டது. வைலியின் முடிவுகளை மறு ஆய்வு செய்ய ஒரு வல்லுநர் குழு அமைந்தது. அதன் தலைவர் ஐரா ரெம்சன். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டதே அவருடைய ஆய்வகத்தில்தான். பென்சாயேட் விஷயத்தில் அக்குழு வைலிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 1911-இல் கொக்கோ கோலாவில் உள்ள காபீனுக்கு எதிராக அவர் தூண்டிய வழக்கும் முதல் மன்றத்தில் தோற்றது. அதே ஆண்டு, வல்லுநர் ஒருவருக்கு விதியை மீறிய ஊதியம் கொடுக்க உடன்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் விசாரித்து அவரை விடுவித்தார். எல்லாவற்றிலும் வைலி சொன்னதே சரி என்று நான் வாதிடவில்லை. சாக்கரின் குறித்தும் பென்சாயேட் குறித்தும் அவர் அஞ்சிய அளவுக்குக் காரணம் இல்லை என்பதே பிற்கால ஆய்வின் போக்கு. பிடித்த பிடியை விடாத குணம் அவரை உயர்த்தியது. அதே குணம் அவருக்குப் பகைவர்களையும் பெருக்கியது.

அந்தப் பிடிவாதம் இனிய கனியைத் தந்த இடமும் ஒன்றுண்டு. அன்னா கெல்டன் என்ற பெண்ணை அவர் மணக்க விரும்பிக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்தித்தார்கள். 1911 பிப்ரவரியில் திருமணம் நடந்தபோது மணமகனுக்கு வயது 66! அன்னா பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1917-இல் வெள்ளை மாளிகை வாயிலில் மறியல் செய்து கைதானவர்.

1912 மார்ச் 15-இல் வைலி அரசுப் பணியைத் துறந்தார். பிறகு அவர் சென்ற இடம் வியப்பூட்டுவது. பல்கலைக்கழகமன்று, தொழிற்சாலையுமன்று, இல்லத்தரசிகள் படிக்கும் குட் ஹவுஸ்கீப்பிங் என்ற மாத இதழ்! அதன் உணவு, சுகாதாரப் பிரிவுக்குத் தலைவராகி, வாஷிங்டனில் ஓர் ஆய்வகம் அமைத்தார். இதழில் விளம்பரம் தர விரும்பும் உணவுப் பொருளும் அழகுப் பொருளும் முதலில் அந்த ஆய்வகத்தின் மேசைக்கு வரவேண்டும். தேறினால்தான் விளம்பரம். அரசு அலுவலகத்தில் சட்டம் அவர் கைக்கு எட்டவிடாத முகப்பூச்சும் தலைச்சாயமும் இப்போது சட்டமின்றியே அவர் கைக்கு வந்து சேர்ந்தன. வாசகியர் மடல் எழுதிக் கேட்டார்கள். மாதந்தோறும் அவர் விடை எழுதினார்.

1914-இல் அச்சோதனைகளைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். உணவுகள், பானங்கள், ஒப்பனைப் பொருள்கள் பற்றிய 1001 சோதனைகள் என்பது அதன் பெயர். எது நல்லது, எது அல்லாதது, ஏன் என்று வணிகப் பெயரைச் சொல்லியே எழுதினார். கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். வாங்குவோர் கையில் வேதியியலைக் கொடுத்த தொடக்ககால நூல்களுள் இது தலையாயது எனலாம். அரசின் அறிக்கையில் பெரும்பாலும் பொருளின் வகைதான் பேசப்படும். இங்கே புட்டியின் பெயரே பேசப்பட்டது. கடையில் நிற்பவளுக்கு வேண்டியதும் அதுதானே!

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. இதழ் வாழ்வது விளம்பரப் பணத்தில். விளம்பரம் தருவோரைச் சோதிப்பவருக்கு ஊதியமும் அதே பெட்டியிலிருந்துதான். வைலி நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவருடைய நேர்மையை நம்பி எத்தனை பேர் முகம் கழுவ முடியும்? அவர் தேறாது என்று தள்ளிய பொருள், அந்த இதழில் இடம்பெறாமற் போகுமேயன்றிக் கடையிலிருந்து போகாது. அடுத்த இதழ் அதற்குப் பக்கம் விரித்துக் காத்திருந்தது. இதழை வாங்க வசதியற்ற பெண், படிக்கத் தெரியாத பெண், இவர்களுக்கு 1001 சோதனைகளும் இல்லாதவையே.

அப்பணியில் 18 ஆண்டுகள் இருந்தார். 1929-இல், தம் சட்டம் எவ்வாறு சிதைக்கப்பட்டது என்பதைக் கசப்போடு விவரிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். 1930-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் காலமானார். சட்டம் கையெழுத்தாகி அன்றோடு 24 ஆண்டுகள் நிறைந்திருந்தன. ஆர்லிங்டன் படைவீரர் கல்லறைத் திடலில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த அந்த ஆண்டளவில்தான் கோரெம்லு என்ற களிம்பு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. வேண்டாத முடியை நீக்குவது என்று விற்றார்கள். உள்ளே இருந்தது தாலியம் அசிடேட். எலி நஞ்சில் இடப்படும் தாலியத்தின் உப்பு. மேலுதட்டு முடி உதிரும் என்று பூசிய பெண்களுக்குத் தலைமுடியே உதிர்ந்தது; கால்கள் செயலிழந்தன. வழக்குகள் குவிந்து 1932-இல் நிறுவனம் திவாலாயிற்று. அரசால் அந்தக் களிம்பை ஒன்றும் செய்ய முடியவில்லை; அது மருந்தன்று, உணவுமன்று! அடுத்து லாஷ் லூர் என்ற இமைச்சாயம். அதில் பாரா-பினிலீன்-டைஅமீன் என்ற, நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் சாயப்பொருள் இருந்தது. சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே வெறிகொண்டு தாக்கும்படி செய்யும் பொருள் அது. அதைத் தீட்டிக்கொண்ட ஒரு பெண் பார்வை இழந்தார், இன்னொருவர் உயிரிழந்தார். 1933-இல் உணவு மருந்துத் துறையினர் இத்தகைய பொருள்களையும் பாதிக்கப்பட்டோரின் படங்களையும் ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். செய்தியாளர்கள் அதற்குப் பயங்கரக் கூடம் என்று பெயரிட்டனர். புதிய மசோதாவைச் செனட்டர் ராயல் கோப்லாந்து ஐந்தாண்டுகள் சுமந்தார். 1937-இல் சல்பானிலமைடு என்ற மருந்தை நச்சுக் கரைப்பானில் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அவர்களுள் பலர் சிறார். அதன்பின்னரே மசோதா நகர்ந்தது. கோப்லாந்து 1938 ஜூன் 17-இல் இறந்தார். எட்டு நாள் கழித்துச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1900-இல் கடலில் எறிந்த மூட்டை 38 ஆண்டுகள் கழித்துக் கரை ஒதுங்கியது. நம் நாட்டிலும் ஏறத்தாழ அதே கதைதான். 1940-இல் வந்தது மருந்துச் சட்டம் மட்டுமே; அழகுப் பொருள்கள் அதில் சேர்ந்தது 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்.

புதிய சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசு முதன்முதலில் பறிமுதல் செய்தவற்றுள் லாஷ் லூரும் ஒன்று. ஆனால் தலைச்சாயத் தொழிலார் விடவில்லை. நிலக்கரித் தார்ச் சாயங்களுக்கு விலக்குப் பெற்றார்கள். எச்சரிக்கையும், முதலில் தோலில் சிறிது தடவிப் பார்க்கும் குறிப்பும் அச்சிட்டால் போதும் என்று. இமைக்கும் புருவத்துக்கும் மட்டும் அந்த விலக்கு இல்லை. அழகுப் பொருள்களால் நேரும் கடுந்தீங்குகளை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வர 2022-ஆம் ஆண்டு டிசம்பர் ஆயிற்று. தலைச்சாயத்தில் காரீய அசிடேட்டுக்குத் தந்திருந்த அனுமதியை 2018-இல்தான் திரும்பப் பெற்றார்கள். வைலியின் வாழ்க்கைத் துணைவியார் அன்னா 1964 வரை இருந்தார்; 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கண்ணால் கண்டார். காரீயம் போனதைக் காண அவரும் இல்லை.